பாஸ்காவுக்கு எந்த நூலை வாசிப்பது?

புலம்பெயர் நாடொன்றிலிருந்து வெளிவரும் தமிழ்ச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தார். உயிர்த்த ஞாயிறு சிறப்பிதழுக்குப் பத்து நூல்களின் பட்டியல் வேண்டுமாம். ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து வரிக்கு மேற்படாத குறிப்பு. யூதர்களின் பாஸ்காவும் அதை ஒட்டியே வருவதால் அதற்குரிய நூல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். "எங்கடை சனத்துக்கும் யூதருக்கும் உள்ள ஒற்றுமையைத் தொட்டுக் காட்டினால் நல்லது ஐயா" என்றும் ஒரு வரி. கடைசியில் ஒரு நிபந்தனை: நூல்கள் மனதுக்கு ஆறுதல் தருவனவாக இருக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருப்பவனுக்குப் பண்டிகைக் கட்டுரை ஒன்றும் புதிதன்று. பொங்கலுக்கு உழவர், தீபாவளிக்கு நரகாசுரன் யார் என்ற ஆராய்ச்சி, உயிர்த்த ஞாயிற்றுக்கு முட்டையும் முயலும் எங்கிருந்து வந்தன என்ற துணுக்கு. இவற்றை ஆண்டுதோறும் எடுத்துத் தூசு தட்டி, திகதியை மாற்றிப் போட்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே அந்த ஆசிரியரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்கலாம். இல்லைதான். ஆனால், ஆறுதல் தரும் நூல்கள் என்ற நிபந்தனையையும் யூதர்களோடு ஒற்றுமை என்ற வரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பழைய நோவொன்று கிளம்பிவிட்டது. அதன் ஊர் மல்லாவி.

கிளிநொச்சி 1996 செப்டெம்பரில் இராணுவத்தின் கைக்குப் போன பின்னர் வன்னியின் பாதி மல்லாவிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் வவுனிக்குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்துக்கொண்டு, மாலையானால் அடங்கிவிடும் சிற்றூர் அது. சில மாதங்களுக்குள் கடைத்தெரு, அலுவலகங்கள், ஆசுப்பத்திரி, மரத்தடிப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வந்து நெருங்கின. துணுக்காய் வீதியிலும் யோகபுரத்திலும் பாலிநகரிலும் கண்ட காணியிலெல்லாம் தரப்பாள் கொட்டில்கள். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்த கையோடு பேனையைப் பிடித்த நான், அங்கே செய்தி சேகரித்துத் திரிந்தேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம். ஜாம் போத்தல் விளக்கில் எழுதுவோம். தாள் கிடைக்காதபோது பள்ளிக் கொப்பியின் கோடு போட்ட தாளில் எழுதுவோம்.

1997 தவக்காலத்தில், கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் கோவிலில்தான் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு முதியவரைச் சந்தித்தேன். அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது: வியாகுலப் பிரசங்கம். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தபோது அரிசிப் பையோடு, பொலித்தீன் உறையில் சுற்றி அவர் கொண்டுவந்த பொருள் அது. முன்பக்கங்கள் சில உதிர்ந்து போயிருந்தன. "தம்பி பேப்பர்க்காரன்தானே, கையெழுத்தும் உறுப்பாய் இருக்குமே. நான் சொல்லச் சொல்ல எழுதித் தாரும்" என்றார். இரண்டு மாலைகள் அவர் இராகத்தோடு சொன்னார், நான் எழுதினேன். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த நடை அதுவரை பழக்கமில்லாதது. ஒப்பாரியும் உரைநடையும் ஒன்றோடொன்று கலந்த தமிழ் அது. இழுத்து வாசிக்கும்போது, மகனை இழந்த தாயின் குரல் எந்த மதத்துக்கும் உரியதல்ல என்று பட்டது.

அந்த நூலை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கோவாவிலிருந்து 1705 இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல் செய்து, 1742 இல் இங்கேயே மறைந்தவர். அவர் எழுதிய காலம் ஒல்லாந்தர் காலம். கரையோரப் பகுதிகளில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம். ஒளித்து வைத்து வாசிக்க வேண்டிய மக்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. அதை ஆறுதல் தரும் நூல் என்று சஞ்சிகை ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா தெரியாது. பெரிய வெள்ளியன்று அந்தக் கொட்டிலில் அதைக் கேட்டிருந்தவர்கள் எவரும் ஆறுதலடைந்து எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை.

எழுதி முடித்த இரண்டாம் மாலை அந்த முதியவர் வேறொன்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஐந்துலாம்புச் சந்தியடியில் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தாராம். முப்பது வருடப் பழக்கம். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, அந்தத் தையற்காரர் ஓடிவந்து கடைச் சாவியை இவர் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குள் கடை வெறுமையாகிவிட்டது. வெறுமையாக்கியவர்கள் அயலவர்கள். சாவி மட்டும் இவரிடம் மிஞ்சியது.

"தம்பி, அவங்கள் போனது ஒக்டோபர் முப்பது. ஐஞ்சு வருசத்தாலை அதே முப்பதாந் திகதிதான் நாங்களும் வெளிக்கிட்டம். அவங்கள் போகேக்கை நான் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். இதையும் பேப்பரிலை போடும்."

நான் போடவில்லை.

அந்த உயிர்த்த ஞாயிற்றுக்கு, அதாவது 1997 மார்ச் 30 இற்கு, நான் எழுதிய கட்டுரையில் 1995 ஒக்டோபர் 30 இரவு இருந்தது. மழை இருந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த இலட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். செங்கடல் இருந்தது, பார்வோனின் தேர்கள் இருந்தன. தையற்காரரின் சாவி மட்டும் இருக்கவில்லை. போடக்கூடாது என்று எவரும் எனக்குச் சொல்லவுமில்லை. சொல்வதற்கு முன்பே நானே வெட்டிவிட்டேன். ஜயசிக்குறு தொடங்குவதற்கு ஆறு வாரங்களுக்குச் சற்று மேல் இருந்தது. சனத்துக்குத் தேவை தெம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சஞ்சிகை ஆசிரியர் இன்று கேட்கும் ஆறுதலைத்தான் அன்று நான் அச்சடித்துக் கொடுத்தேன்.

ஆகவே, பாஸ்காவுக்கு எதை வாசிப்பது என்ற கேள்விக்கு என் முதல் விடை விவிலியத்தின் இரண்டாம் நூல். சீர்திருத்தத் திருச்சபையார் அதை யாத்திராகமம் என்பர். 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதற்கு விடுதலைப் பயணம் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் நாங்கள் நடந்தோம் என்பது தற்செயல். ஆனால் அந்தத் தலைப்பு எங்கள் வாயில் எவ்வளவு இலகுவாக ஒட்டிக்கொண்டது! பாஸ்கா இரவுத் திருவிழிப்பில் கத்தோலிக்கர் எந்த வாசகத்தை விட்டாலும் செங்கடல் கடந்த வாசகத்தை விடக்கூடாது என்பது முறை. அது நல்ல முறை. என்னுடைய சண்டை, அந்த ஒரு அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகிற எங்கள் பழக்கத்தோடு. (சைவனுக்கு இதிலென்ன அலுவல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. மறுத்து எழுதுவதற்கு முன் முழுவதையும் வாசித்த மனிதர் அவர்.)

முழுவதையும் வாசித்தால் என்ன தெரியும்? முதல் அதிகாரத்திலேயே ஒரு விசித்திரம் உண்டு. அத்தனை அட்டூழியம் செய்த எகிப்திய மன்னனின் பெயரை அந்த நூல் எங்கும் சொல்லவில்லை. வெறுமனே பார்வோன் என்கிறது. எந்தப் பார்வோன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் ஆண் குழந்தைகளைக் கொல்ல மறுத்த இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை, சிப்ரா, பூவா என்று, பக்குவமாக எழுதி வைத்திருக்கிறது. பத்திரிகைக்காரனாக எனக்கு இது உறைத்தது. நாங்கள் செய்ததோ நேர்மாறு. படைத்தளபதிகளின் பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம். மல்லாவியில் லாம்பு வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்த தாதிமார் எத்தனை பேரின் பெயரை நாங்கள் அச்சில் ஏற்றினோம்? இன்னும் ஒன்று. எகிப்தை விட்டுப் புறப்பட்ட கூட்டத்தில் பல இனத்தவரும் கலந்து போனார்கள் என்று பன்னிரண்டாம் அதிகாரம் சொல்கிறது. தூய இரத்தம் மட்டும் கடல் கடக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் சட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற கட்டளை, அந்நியனை ஒடுக்காதே என்பது. நீயும் அந்நியனாக இருந்தவன் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றுக்காரரும் நீராவிப்பிட்டிக்காரரும் அடக்கம். புளிக்க வைக்க நேரமில்லாமல் மாவைத் தோளில் சுமந்து போனவர்கள் அன்று அவர்கள்தான். பார்வோன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அது தவறு என்ற கருத்துப்பட அன்ரன் பாலசிங்கம் பதில் சொன்னார். பன்னிரண்டு வருடங்கள் கழித்து வந்த அந்த ஒற்றைப் பதிலோடு கணக்கு முடிந்தது என்று எங்களுள் பலர் நினைத்தோம். 2009 இற்குப் பின் அவர்கள் திரும்பி வந்து காணி கேட்டபோது எழுந்த எதிர்ப்புக் குரல்களைக் கேட்டவர்களுக்குக் கணக்கு முடியவில்லை என்பது தெரியும்.

அடுத்து, யூதர்களோடு ஒற்றுமை. லியோன் யூரிஸ் 1958 இல் எழுதிய எக்ஸோடஸ் நாவலைப் பள்ளிப் பருவத்தில் நாங்கள் அட்டை கிழியக் கிழியக் கைமாற்றி வாசித்தோம். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கதை சொன்னான். சிதறிப்போன இனம், திரும்பி வந்த மண், கட்டியெழுப்பிய நாடு. எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அந்த நாவலில் அராபியர் எப்படிச் சித்திரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்கும் வயது அன்று இல்லை. இன்று இருக்கிறது. அதே எண்பதுகளில் எங்கள் இயக்கங்கள் சிலவற்றின் பொடியள் லெபனானில் பாலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றார்கள். 1984 இல் இஸ்ரேல் கொழும்பில், அமெரிக்கத் தூதரகத்தின் ஒரு பிரிவாக அலுவலகம் திறந்து இலங்கை அரசுக்கு உதவியது. இந்த முரணைப் பற்றி யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1996 முதல் வன்னி வானத்தில் குண்டு போட்ட கிபிர், இஸ்ரேலில் செய்த விமானம். எபிரேய மொழியில் அதற்கு இளஞ்சிங்கம் என்று பொருள். பங்கருக்குள் குந்தியிருந்த பிள்ளைகளுக்கு மேலே அது உறுமிக்கொண்டு போக, கீழே நான் அவர்களை இஸ்ரவேலர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். 2023 ஒக்டோபருக்குப் பின் காசாவில் நடந்தவற்றைப் பார்த்த பிறகும், நாங்கள் யூதரைப் போல என்று மேடையில் முழங்குகிறவர்கள், எந்த யூதரைப் போல என்பதையாவது சொல்லிவிட்டு முழங்கட்டும்.

ஏனென்றால் யூதர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்மையிலேயே உண்டு. அது யூரிஸிடம் இல்லை. பாஸ்கா இரவு உணவு மேசையில் அவர்கள் வாசிக்கும் ஹகாதா என்ற சிறு நூலில் இருக்கிறது. பட்டியலில் என் இரண்டாவது நூல் அது. அந்த இரவில் மேசையிலுள்ள மிக இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். கேள்வியிலிருந்துதான் கதை தொடங்கும். எங்கள் வீடுகளிலோ பிள்ளை கேள்வி கேட்டால், "உனக்கு அது விளங்காது, சாப்பிடு" என்கிறோம். எகிப்தின் மீது இறங்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை இரசத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். எதிரியும் துன்பப்பட்டான், ஆகவே என் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது அதற்கு வழங்கும் விளக்கங்களுள் ஒன்று. இன்னொரு வியப்பு: கடலைப் பிளந்து மக்களை நடத்திச் சென்ற மோசே அந்த நூலில் ஏறத்தாழ இல்லை. விடுதலையின் கதையை, தலைவனின் பெயரைத் தூக்கிப் பிடிக்காமல் சொல்ல முடியும் என்று ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறது. எங்களால் ஒரு நினைவு மலரின் அட்டையைக்கூட அப்படி அச்சிட முடியாது.

ஹகாதாப் பிரதிகளுள் பெயர் பெற்றது சராயேவோவில் இருப்பது. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதி வரைந்த ஏடு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கையில் அது சிக்காமல் காப்பாற்றியவர் தெர்விஸ் கோர்குத் என்ற முஸ்லிம் நூலகர். 1992 இல் சராயேவோ முற்றுகையிடப்பட்டபோதும் அது தப்பியது. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் அந்நகரின் தேசிய நூலகம் எரிந்தது. எரிந்த நூலகம் என்றவுடன் எங்களுக்கு 1981 ஜூன் 1 நினைவுக்கு வரும். 97,000 நூல்கள். அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர் விட்ட மொழியறிஞர் தாவீது அடிகள் நினைவுக்கு வருவார். வரட்டும். ஆனால் பிறருடைய வேதத்தைத் தன் உயிரைப் பணயம் வைத்துக் காத்த நூலகரும் கூடவே நினைவுக்கு வர வேண்டும். தையற்கடைச் சாவியை வைத்திருந்த குருநகர் முதியவர் அந்த நூலகருக்குத் தூரத்து உறவு. கடையைக் காக்க முடியவில்லை என்றாலும், காக்கவில்லை என்று வெட்கப்படத் தெரிந்திருந்தது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு வருவோம். நான்கு நற்செய்திகளுள் மாற்கு எழுதியதைச் சிபாரிசு செய்கிறேன். அதையும் பழமையான கையெழுத்துப் படிகள் முடிகிற இடத்தில் நிறுத்தி வாசிக்க வேண்டும். பதினாறாம் அதிகாரம், எட்டாம் வசனம். கல்லறை வெறுமையாக இருக்கக் கண்ட பெண்கள் நடுக்கமெடுத்து ஓடுகிறார்கள். அச்சத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். பிறகு வருகிற வசனங்கள் அந்தப் படிகளில் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதலும் முல்லைத்தீவில் அதே ஆண்டு மார்ச் 8 முதலும் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரிடம் வெறுங்கல்லறையை நற்செய்தி என்று சொல்லிப் பாருங்கள். உடல் இல்லை என்பதுதான் அவர்களுடைய துயரமே. யோவான் நற்செய்தியில் மகதலா மரியா தோட்டக்காரர் என்று நினைத்தவரிடம் போய், அவரை எங்கே வைத்தீர் என்று விசாரிக்கிறாள். அதே கேள்வியோடு முகாம் முகாமாக அலைந்தவர்களுள் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளும் இன்றுவரை வரவில்லை. மல்லாவி–வவுனிக்குளம் வீதியில் 2008 ஏப்ரல் 20 அன்று, அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு கழிந்து சரியாக நான்காவது ஞாயிறு, கிளைமோர் வெடித்து அருட்தந்தை எம். எக்ஸ். கருணாரத்தினம் கொல்லப்பட்டார். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்தவர். அவருடைய கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிற்றுக்கென்று புதுச் சட்டை போட்டுப் போன பிள்ளைகளை நினைத்தாலும், எட்டாம் வசனத்தைத் தாண்டிப் போக எனக்குக் கால் வருவதில்லை. வருகிறவர்கள் போகட்டும், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. வெள்ளிக்கிழமையைத் தொடாமல் நேரே ஞாயிற்றுக்குப் பாய்கிறவர்களோடுதான் வழக்கு.

ஐந்தாவது, ஆறாவது நூல்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கே. டானியலின் கானல். சாதிக் கொடுமையிலிருந்து தப்பக் கிறிஸ்தவத்துக்குப் போனவர்கள் அங்கேயும் அதே சாதியை எதிர்கொண்ட கதை. கடலைக் கடந்தும் எகிப்து கூடவே வந்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தார் வன்னிக்கு வந்தபோதும் அது கூடவே வந்தது. ஒரே கிணற்றில் யார் முதலில் வாளி விடுவது என்ற சண்டையை மல்லாவித் தரப்பாள் கொட்டில்களுக்கிடையில் நான் கண்டிருக்கிறேன். மற்றது முறிந்த பனை. எழுதிய நால்வருள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே கண்ணால் பார்த்த நூல். பெரிய வெள்ளி வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமானது தமிழில் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆக, வியாகுலப் பிரசங்கத்தோடு சேர்த்து ஆறு நூல்களைத்தான் அனுப்பினேன். குறிப்புகளும் ஐந்து வரியைத் தாண்டிவிட்டன. கூடவே தையற்கடைச் சாவியின் கதையையும் எழுதி, 1997 இல் விட்டதை இப்போது போடுங்கள் என்று கேட்டிருந்தேன். அந்த முதியவர் இன்று இல்லை. கடற்கரைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தார் என்பதும், சாவியைத் தையற்காரரிடம் கொடுக்க அவருக்கு வாய்க்கவில்லை என்பதும் அவருடைய பிள்ளைகள் மூலம் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து ஆசிரியரின் பதில் வந்தது. மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். சாவிக் கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் சிறப்பிதழின் நோக்கத்துக்கு இப்போது ஒத்துவராதாம். முறிந்த பனையையும் கானலையும் எடுத்துவிட்டு, தேம்பாவணி போன்ற பிரச்சினையில்லாத நூல் ஒன்றைப் போட முடியுமா என்று கேட்டிருந்தார். தேம்பாவணி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் சூசையப்பரைப் பாடிய காவியம் அது. அதை மார்ச் 19, சூசையப்பர் திருநாளுக்குப் போடுங்கள், இந்த ஆறும் இப்படியே இருக்கட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.